கல்தூண் தந்த கிருஷ்ணப்ப நாயக்கர்!

குட்டீஸ்... கிரேன் இல்லாத காலத்தில், பெரிய பெரிய கற்களை எப்படி நிமிர்த்தி வைத்தனர் தெரியுமா?

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ளது, கிருஷ்ணாபுரம். இந்த ஊருக்குப் பெயர் தந்தவர், கிருஷ்ணப்ப நாயக்கர். மதுரை நாயக்கர் அரசை நிறுவிய விசுவநாத நாயக்கரின் மகன்.

கிருஷ்ணப்பர், 1564ல் அரியணை ஏறினார். மறு ஆண்டே, தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு தோற்றது. பேரரசே ஆட்டம் கண்ட நேரத்தில், தளவாய் அரியநாத முதலியார் துணையுடன் மதுரையைக் காத்தார்.

அவர் எழுப்பிய வெங்கடாசலபதி கோவிலில் கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர் சிலைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தூணோடு சேர்த்து, ஒரே கல்லில் செதுக்கப்பட்டது!

அக்காலத்தில், பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு அடித்துப் பிளப்பர். கல்லை உருட்டுக்கட்டைகள் மேல் வைத்து, கயிறு கட்டி இழுப்பர். நெம்புகோலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து நிமிர்த்துவர். கூரைக் கல்லை, மண்ணைக் கொட்டிச் சரிவுப் பாதை அமைத்து மேலே ஏற்றுவர். வேலை முடிந்ததும் மண்ணை அகற்றி விடுவர்.

கிருஷ்ணப்பர், 1572ல் மறைந்தார். அவர் ஆண்டது எட்டே ஆண்டுகள். தூண்களோ, 450 ஆண்டுகளாக நிற்கின்றன.

மன்னர் பெயரை ஊரே சொல்கிறது. அந்தக் கோவிலுக்குப் போனால், கல் இழுத்த தொழிலாளர்களையும் நினைத்துப் பாருங்கள், குட்டீஸ்!