உதயகிரிக் கோட்டையின் கைதி



தக்கலைக்குப் போகும் வழியில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதனுள் கூரையிழந்த சிற்றாலயத்தில் துயில்பவர் தளபதி டிலனாய். அங்கே செல்பவர்கள் அவர் வரலாற்றை அறிவது நலம்.

1715-ல் ஆராஸ் நகரில் பிறந்த கத்தோலிக்கர் அவர். டச்சுப் படையில் வந்து, 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவிடம் சிறைப்பட்டார். கைதியின் திறமையைக் கண்ட மன்னர் தம் படையைப் பழக்கும் பொறுப்பையே அவருக்குக் கொடுத்தார். டிலனாய் இக்கோட்டையைப் பலப்படுத்தினார். இங்கே பீரங்கிகளும் வார்க்கப்பட்டன.

ஆனால் நாம் அவரை நினைப்பது பீரங்கிக்காக அன்று. கால்நடையும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு, யோபுவின் பொறுமையை எடுத்துச் சொன்னவர் இவரே. நீலகண்டர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் காற்றாடி மலையில் சுடப்பட்டு வேதசாட்சியாக மரித்தார். படை நடத்திய டிலனாயால் நண்பரைக் காக்க இயலவில்லை. அந்தத் துயரத்தோடு மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்து, 1777-ல் இறந்தார். 2022-ல் திருச்சபை தேவசகாயத்தைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன, ஆறுதல் சொன்ன வார்த்தையோ இன்றும் பலன் தருகிறது. உங்கள் தெருவிலும் விளைச்சல் பொய்த்து மனம் ஒடிந்தவர் இருக்கலாம். இந்த வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சற்று உட்காருங்கள்.