39 மணி நேரமே வாழ்ந்த கென்னடியின் மகன்: அன்று மட்டும் இந்தச் சிகிச்சை இருந்திருந்தால்?

அப்பா அமெரிக்க அதிபர். சிகிச்சை கொடுத்தது பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனை. இருந்தும் பேட்ரிக் பூவியே கென்னடி உயிரோடு இருந்தது 39 மணி நேரம் 12 நிமிடம்தான். 1963-ல் அந்தக் குழந்தையின் உயிரைப் பறித்த மூச்சுத்திணறலுக்கு, இன்று மூக்கில் வைக்கும் ஒரு சின்னக் குழாய் மூலமாகவே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் மாறியது என்ன?

ஐந்தரை வாரம் முன்பே பிறந்த குழந்தை

1963 ஆகஸ்ட் 7. மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கேப் காட் பகுதியில் கோடை விடுமுறையில் இருந்த ஜாக்குலின் கென்னடிக்குத் திடீரென பிரசவ வலி வந்தது. இன்னும் ஐந்தரை வாரம் பாக்கி இருந்தது. ஹெலிகாப்டரில் ஓடிஸ் விமானப்படைத் தள மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசர சிசேரியனில் மதியம் 12.52 மணிக்கு பேட்ரிக் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ.

பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு அதுதான் முதல்முறை. நாடே கொண்டாட வேண்டிய செய்தி. ஆனால் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே குழந்தை மூச்சுவிடத் திணற ஆரம்பித்தது. வாஷிங்டனில் இருந்து கென்னடி பறந்து வந்தார். அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, குழந்தையை ஆம்புலன்ஸில் சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். சிசேரியன் முடிந்து படுக்கையில் இருந்த தாயால் கூடப் போக முடியவில்லை.

மூச்சில் என்ன பிரச்சினை?

நம் நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் ஈரமாக இருப்பதால், மூச்சை வெளியே விடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டாமல் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான திரவம். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் இது போதுமான அளவு சுரக்கும். சீக்கிரமே பிறந்துவிடும் குழந்தைகள் பலருக்கு இது பத்தாது.

விளைவு? ஒவ்வொரு முறை மூச்சை விட்டதும் காற்றுப்பைகள் மூடிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு அவற்றை மறுபடி திறக்க வேண்டும். புது பலூனை முதல்முறை ஊதுவதற்கு எவ்வளவு தம் வேண்டும்? அந்தக் கஷ்டம் ஒவ்வொரு மூச்சிலும் இருந்தால் எப்படி இருக்கும்? சில மணி நேரத்தில் குழந்தை களைத்துப்போய்விடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சர்ஃபாக்டன்ட் குறைவுதான் இந்த நோய்க்குக் காரணம் என்பதை மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் ஆகிய இருவரும் 1959-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அந்த ஆய்வு நடந்ததும் இதே பாஸ்டனில்தான். ஆனால் காரணம் தெரிந்த அளவுக்கு வைத்தியம் தெரியவில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கான வெண்டிலேட்டரை அப்போது ஒருசில இடங்களில்தான் முயற்சி செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரும்பு அறைக்குள் கடைசி முயற்சி

ஆகஸ்ட் 8-ம் தேதி குழந்தையின் நிலை மோசமானது. டாக்டர்கள் பேட்ரிக்கை உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் கொண்டுபோனார்கள். ஆட்கள் உள்ளே போய் வேலை செய்யும் அளவுக்குப் பெரிய இரும்பு அறை அது. கென்னடி அன்றிரவு மருத்துவமனையிலேயே தங்கினார். ஆகஸ்ட் 9 அதிகாலை 4.04 மணிக்குக் குழந்தையின் உயிர் பிரிந்தது.

அந்த அறை ஏன் கைகொடுக்கவில்லை? அதில் காற்றழுத்தம் உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் கூடும். ரத்தத்தில் கூடுதல் ஆக்சிஜன் கரைய அது உதவும். ஆனால் நுரையீரலுக்கு உள்ளே எவ்வளவு அழுத்தமோ, வெளியேயும் அவ்வளவே. அதனால் மூடிக்கொள்ளும் காற்றுப்பைகளைத் திறந்து பிடித்துவைக்க அதனால் முடியாது. தேவைப்பட்டது சுவாசப் பாதைக்கு உள்ளே மட்டும் கொஞ்சம் கூடுதல் அழுத்தம்.

8 ஆண்டுகள் கழித்து கிடைத்த வழி

இந்தக் குழந்தைகள் மூச்சுவிடும்போது ஒரு முனகல் சத்தம் வரும். குரல்வளையைப் பாதி மூடி, காற்று முழுசாக வெளியேறாமல் தடுக்க உடம்பு தானாகச் செய்யும் வேலை அது. இதையே கருவி மூலம் செய்தால் என்ன?

சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி குழுவினர் அதைத்தான் செய்தார்கள். சுவாசப் பாதையில் இடைவிடாமல் மிதமான காற்றழுத்தம் கொடுத்தார்கள். 1971-ல் வெளியான முடிவின்படி, கடும் மூச்சுத்திணறல் இருந்த 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். இதுதான் சிபாப். ஆரம்பத்தில் பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டே கொடுத்தார்கள். 1973-ல் மூக்கு வழியாகவே கொடுக்கும் கருவி வந்தது. தொண்டைக்குள் எதையும் இறக்க வேண்டியதில்லை.

இதில் எளிமையான வகை பபுள் சிபாப். காற்று வெளியேறும் குழாயின் முனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்க வைப்பார்கள். 5 செ.மீ. ஆழம் என்றால் 5 செ.மீ. தண்ணீரின் அழுத்தம். ஆழத்தை மாற்றினால் அழுத்தமும் மாறும், அவ்வளவுதான்.

எல்லாக் குழந்தைக்கும் சிபாப் மட்டும் போதுமா என்றால், இல்லை. தானாக மூச்சுவிடாத குழந்தைக்கு வெண்டிலேட்டர் வேண்டும். சிலருக்கு சர்ஃபாக்டன்ட் மருந்தையே நுரையீரலுக்குள் செலுத்துவார்கள். குறைப்பிரசவம் ஆகலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால், நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்காகத் தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. பேட்ரிக் பிறந்தபோது இதில் எதுவும் நடைமுறையில் இல்லை. இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் அவன் எடையில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

* நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு
* ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல்
* விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்துக்கொள்வது
* மூக்கு விடைத்து விடைத்து அடங்குவது
* உதடு, நாக்கு நீலமாவது

பிறந்த குழந்தையிடம் இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். காத்திருக்கக் கூடாது.

பேட்ரிக் இறந்த மூன்றரை மாதத்தில், நவம்பர் 22-ம் தேதி கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார். பாஸ்டன் அருகே அடக்கம் செய்யப்பட்டிருந்த குழந்தையின் உடலை டிசம்பரில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். 1956-ல் இறந்தே பிறந்த அக்காவும் அங்கேதான் இருக்கிறாள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.