மூளையின் தூதைக் கண்டறிந்த மேதை ஜெஃப்ரி ஹாரிஸ்



பரிசளிப்பு விழா என்றாலே மேடையில் நம்ம பேரைக் கூப்பிடுவாங்களா, மாட்டாங்களா என்று நெஞ்சு படபடக்கும். கூப்பிடாமலே வீடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே, நோபெல் பரிசு பெறாமல் மறைந்த ஒரு பெரிய விஞ்ஞானியின் வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

ஜெஃப்ரி விங்ஃபீல்ட் ஹாரிஸ் 1913ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் லண்டனில் ஆக்டன் என்னும் பகுதியில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே மார்ஷல் என்ற மூத்த விஞ்ஞானி ஒரு புதிரை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆடுகள் ஆண்டில் குறிப்பிட்ட பருவத்தில்தான் இனம் பெருக்குகின்றன. இங்கிலாந்து ஆடுகளைக் கப்பலேற்றித் தென்கோளத்துக்குக் கொண்டு போனால், அந்த நாட்டுப் பருவத்துக்கு ஏற்ப அவை மாறிக்கொள்கின்றன. பகல் நீளுவதையும் குறுகுவதையும் பார்ப்பது கண். அறிவது மூளை. ஆனால் முட்டை முதிர்வதோ வயிற்றுக்குள் இருக்கும் சினைப்பையில்! மூளையிலிருந்து அங்கே சேதி போவது எப்படி?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் சினைப்பைக்கு ஹார்மோன் அனுப்புகிறது என்பது அப்போதே தெரியும். அதையே சுரப்பிகளுக்கெல்லாம் தலைவன் என்றார்கள். அந்தத் தலைவனுக்கு உத்தரவு போடுவது யார்?

நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெரட்டில் சத்தம் போட்டு வேலை ஏவுபவர் கங்காணி. ஆனால் அவர் கைக்கு ஆபீஸிலிருந்து துண்டுச் சீட்டு வந்திருக்கும். பிட்யூட்டரி அந்தக் கங்காணி மாதிரி. அதற்கு மேலே மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. சீட்டு எழுதும் கிராணி அதுதான். இதை நிரூபித்துக் காட்டியவர் ஹாரிஸ்.

பெண் முயல் ஆணோடு சேர்ந்த பிறகே, ஏறத்தாழ 10 மணி நேரம் கழித்து, முட்டையை வெளிவிடும். 1937இல், மருத்துவப் படிப்பைக்கூட முடிக்காத இளைஞரான ஹாரிஸ், ஆணோடு சேராத முயலின் மூளையடியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார். முட்டை வெளிவந்தது! பின்னாளில் பிட்யூட்டரிக்கு மட்டும் நேராக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஹைப்போதலாமஸுக்குக் கொடுத்தால் நடந்தது. ஆக, உத்தரவு மேலிருந்துதான் வருகிறது.

ஆனால் சுரப்பியின் முன்பகுதிக்கு நரம்புக் கம்பி சரியாகப் போகவே இல்லையே! இரண்டுக்கும் நடுவே நுண்ணிய இரத்தக் குழாய்கள் மட்டும் இருந்தன. அவற்றில் இரத்தம் மேல்நோக்கி ஓடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஹாரிஸும் அவருடைய தோழர் ஜான் கிரீனும் உயிருள்ள எலியில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் மூளையிலிருந்து கீழே சுரப்பிக்குத்தான் ஓடியது. மூளை தன் உத்தரவை ஒரு வேதிப்பொருளாக அந்த இரத்தத்தில் கலந்து விடுகிறது என்றார் ஹாரிஸ்.

எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்களா? இல்லீங்க! சாலி சுக்கர்மன் என்ற செல்வாக்கு மிக்க விஞ்ஞானி கடுமையாக மறுத்தார். ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்குக்குக் கூடுதல் வெளிச்சம் காட்டினால் அது பருவத்துக்கு வரும். சுரப்பியைத் தாங்கும் தண்டை வெட்டிய பின்னும் அப்படி வந்ததே என்பது அவர் வாதம். ஹாரிஸ் கூச்சல் போடவில்லை. வெட்டிய குழாய்கள் மறுபடியும் வளர்ந்து இணைவதை அவர் முன்பே கண்டிருந்தார். நடுவே மெல்லிய தடுப்பு ஒன்றைச் செருகினால் இணைய முடியாது. 1954இல் அதே விலங்கிலேயே சோதித்துக் காட்டினார். குழாய் இணைந்தவை பருவத்துக்கு வந்தன, இணையாதவை வரவில்லை.

இதற்கிடையே 1952இல் சுவீடனில் பணியாற்றிய டோரா யாக்கப்சோன் அம்மையாருடன் சேர்ந்து இன்னொரு சான்றும் தந்திருந்தார். பிட்யூட்டரி நீக்கிய பெண் எலிகளுக்கு வேறு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸின் அடியில் பதித்தார்கள். பருவச் சுழற்சி திரும்பியது. சில எலிகள் சினையும் ஆயின. மூளையின் வேறிடத்தில் பதித்தபோது அது வேலை செய்யவில்லை.

1955இல் தம் ஆய்வுகளை நூலாக்கினார். 1962இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். அடுத்த வேலை, அந்த வேதிப்பொருளைக் கையில் பிடிப்பது! ஹாரிஸும் தேடினார். அமெரிக்காவில் ஷாலி, கில்லமன் என்ற இருவர் கசாப்புக் கூடங்களிலிருந்து பன்றி, ஆட்டு மூளைத் துண்டுகளை லட்சக்கணக்கில் வாங்கித் தேடினார்கள். 1971இல் ஷாலியின் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்தது. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம்! அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஹாரிஸ் 58ஆம் வயதில் காலமானார். 1977இல் ஷாலிக்கும் கில்லமனுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மறைந்தவர்களுக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை.

அவர் திறந்த வழியில் இன்று எவ்வளவோ தெரிந்திருக்கிறது. அந்தக் கிராணியும் தன் இஷ்டத்துக்குச் சீட்டு எழுதுவதில்லை. மற்ற நரம்பணுக்கள் சுரக்கும் தூதுப்பொருள்கள் அவரை ஏவுகின்றன, தடுக்கவும் செய்கின்றன. முயல், எலி போன்றவற்றில் நோரட்ரினலின் தூண்டுகிறது. பல மீன்களில் டோபமின் பிரேக் போடுகிறது. அதனால்தான் சில மீன்கள் குளத்தில் கொழுத்து வளர்ந்தும் முட்டையிடுவதில்லை. மூளை ஹார்மோனைப் போல் செய்த மருந்தோடு, டோபமினைத் தடுக்கும் மருந்தையும் கலந்து ஓர் ஊசி போட்டால் முட்டையிடும். நம் நாட்டில் இக்கான் கெலி வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். குழந்தைச் செல்வத்துக்கு ஏங்கும் தம்பதியருக்கான சிகிச்சையிலும் இவ்வகை மருந்துகள் உதவுகின்றன.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையில் பேர் வராத பிள்ளை யாராவது இதைப் படித்தால், ஹாரிஸை நினைத்துக்கொள்ளட்டும். எதிர்த்துப் பேசியவருக்கு அவர் இன்னொரு சோதனையால் பதில் சொன்னார். பரிசு மேடையில் அவர் நிற்கவில்லை. ஆனாலும் அந்த மேடைக்குப் படி கட்டியவர் அவர்தான்.