மரியா சிபில்லா மேரியன் அம்மையார்

பழைய செப்புத்தகட்டுப் படங்களைத் தேடிச் சேர்ப்போர் மேனாடுகளிற் பலர். பூவும் கொடியும் பொறித்த ஏடுகளுக்கு அவரிடையே பெருமதிப்புண்டு. முழு நூலாக விற்பதிலும் ஏடு ஏடாகப் பிரித்து விற்றால் ஊதியம் மிகுதியாதலின், அருநூல்கள் பலவற்றை வணிகர் கட்டவிழ்த்துவிட்டனர். அங்ஙனம் சிதறுண்டவற்றுள் ஒன்று, சூரினாம் நாட்டுப் பூச்சிகளின் உருமாற்றத்தைக் கூறும் பெருநூலாகும். அது 1705 ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் ஒரு பெண்மணி. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மரியா சிபில்லா மேரியன் 1647 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 2 ஆந் திகதி, ஜேர்மனியிலுள்ள பிராங்போட் நகரிலே பிறந்தார். தந்தையார் மத்தேயு மேரியன், நகரக் காட்சிகளைச் செப்புத்தகட்டிற் பொறித்துப் புகழ்கொண்டவர், நூல்வெளியீட்டாளர். மகளுக்கு மூன்று வயதாகும்போதே அவர் இறந்தார். தாயார் பின்னர் மணந்த யாக்கோப் மரெல் என்பார் மலரோவியர். ஆகவே தூரிகையும் வண்ணமும் இக்குழந்தைக்கு விளையாட்டுப் பொருள்களாயின.

பதின்மூன்றாம் வயதிலே அவர் பட்டுப்புழுக்களை வளர்த்து நோக்கத் தொடங்கினார். புழுக்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுவன என்று கற்றோரும் நம்பிய காலம் அது. முட்டை புழுவாகி, புழு கூட்டினுள் உறங்கி, கூட்டிலிருந்து சிறகு முளைத்துப் புறப்படுவதை அச்சிறுமி தம் கண்ணாலே கண்டார். நம்மூர்ச் சிறுவர் மயிர்க்கொட்டியைக் கண்டால் அஞ்சி விலகுவர், அன்றேல் கோலால் நசுக்குவர். அவரோ அதனைப் பெட்டியிலிட்டு, அது விரும்பும் இலையை நாடோறும் தேடிக் கொடுத்தார். எந்தப் புழு எந்த இலையை உண்ணும் என்பதைக் குறித்துவைக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரை விட்டு அது நீங்கவில்லை.

1665 இல் ஓவியர் கிராப் என்பாரை மணந்து, நூரம்பேர்க் நகரில் வாழ்ந்தார். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் பயிற்றினார். 1675 முதல் வெளியிட்ட மலர்நூல் தையற்காரிகளுக்கு மாதிரியாகப் பயன்பட்டது. 1679 இல் வந்த புழுநூலே அவர் தனிவழியைக் காட்டிற்று. அதிலே முட்டை, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி யாவும் அவை வாழும் செடியோடு ஒரே பக்கத்தில் அமைந்தன. செடியை வேறாகவும் பூச்சியை வேறாகவும் காட்டியவர் பலர். ஒன்று மற்றொன்றாற் பிழைப்பதைக் காட்ட அவர்க்குத் தோன்றவில்லை.

இல்வாழ்க்கை இனிதாய் அமையவில்லை. 1685 அளவில் தாயாரோடும் புதல்வியர் இருவரோடும் ஒரு சமயக் கூட்டத்தாரிடம் சென்று தங்கினார். 1691 இல் அம்ஸ்ரர்டாம் சேர்ந்தார். ஒல்லாந்து வணிகக் கப்பல்கள் கொணர்ந்த அரும்பொருள்களைச் செல்வர் பேழை பேழையாகச் சேர்த்துவைத்த காலம் அது. அப்பேழைகளை அம்மையார் கண்டார். ஊசியிற் குத்திய பூச்சிகளின் பேரழகை வியந்தார். ஆயின் அவை எதிலிருந்து வந்தன, எதனை உண்டன என்று சொல்வாரில்லை. சேர்த்தவர்க்கு அக்கவலையும் இல்லை. அதை அறியத் தாமே செல்வதெனத் துணிந்தார். தம் ஓவியங்களுள் 255 ஐ விற்றுப் பொருள் திரட்டி, 1699 இல், ஐம்பத்திரண்டாம் வயதில், இளைய மகள் டொரோதியாவுடன் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார்.

கரும்புத் தோட்ட முதலாளிமார் அவரை எள்ளினர். சருக்கரை அல்லாத ஒன்றைத் தேடி அங்கு வருவார் உண்டென்பதே அவர்க்கு விளங்கவில்லை. காடு திறந்து வழிகாட்டியவர்களும் புழுவும் பூவும் கொணர்ந்தவர்களும் அடிமைகளே. அவர்கள் சொன்னவற்றை அம்மையார் நூலில் நன்றியோடு குறித்தாராயினும் பெயர் குறித்தாரில்லை. இக்குறையை மறைத்தல் நன்றன்று. வெப்பத்தாலும் நோயாலும் நலிந்து 1701 இல் மீண்டார்.

நூலில் 60 படங்கள். சிலவற்றை அவரே பொறித்தார். ஏனையவற்றைக் கைதேர்ந்த பொறிப்பாளர் செய்தனர். தகட்டிலிருந்து தாளிற் பதியும் படம் இடவலம் மாறிவிழும். ஈரம் உலராத அப்படத்தின்மீது வேறொரு தாளை அழுத்தினால், கோடு மெலிந்து, முதல் வரைவின் திசையிலேயே மற்றொரு படம் கிடைக்கும். அத்தகைய படிகளுக்கு அவர் வண்ணந்தீட்டினார். பார்ப்போர் கையோவியமென்றே மயங்குவர். இன்று சேகரிப்போர் பெரிதும் நாடுவன இவையே.

18 ஆம் படத்திலே கொய்யாக் கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி சிறு பறவையைப் பற்றி உண்கிறது. இது வெறுங்கற்பனையென நகைத்தோர் பலர். சூரினாமை மிதித்தறியாதாரும் அவருட் சேர்வர். 1863 இல் வெளிவந்த தம் நூலில், அமேசன் ஆற்றங்கரையிலே பறவையைக் கொன்ற சிலந்தியைத் தாமே கண்டதாகப் பேற்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எழுதிய பின்னரே நகைப்பு அடங்கிற்று. அவரிடத்துப் பிழையே இல்லையென யாம் வாதாடவில்லை. விளக்குப்பூச்சி ஒளிவிடும் என்று அவர் எழுதியது பொருந்தாது.

1715 அளவில் அவர் உடல் செயலிழந்தது. 1717 சனவரி 13 ஆந் திகதி வறியவராகவே இறந்தார். அந்நாட்களிலேயே உருசிய மன்னர் மகா பீற்றரின் மருத்துவர் அவர் ஓவியங்களைப் பெருந்தொகைக்கு வாங்கினார். ஜேர்மனி 500 மார்க்கு நாணயத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2002 இல் யூரோ வரும்வரை அது வழங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலே அன்பரொருவர் இல்லத்தில், அந்நூலின் 45 ஆம் படத்தைச் சட்டமிட்ட நிலையிற் கண்டோம். நம் முற்றங்களிற் பூக்கும் மயிற்கொன்றையே அது. அம்மலரின் நிறத்தை அன்பர் மிகவும் பாராட்டினார். அப்படத்துக்குரிய உரைப்பக்கத்தில் அம்மையார் கூறும் செய்தி வேறு: தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கலாகாது என்று அடிமைப் பெண்கள் இம்மரத்தின் விதையை உண்டு கருவைக் கலைத்தனர், இதை அவர்களே அவரிடம் கூறினர். அந்த உரைப்பக்கம் சட்டத்துள் இல்லை. அதனை யாம் சொன்னபோது அன்பர் நெடுநேரம் படத்தையே நோக்கியிருந்தார்.