கோடைமலையில் ஒரு கல்வித்தாய்

இத்தாலி நாட்டில் 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் பிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மருத்துவம் கற்ற அவர், 1907-இல் உரோமை நகரில் ஏழைகள் வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். அடியும் அதட்டலுமின்றிக் குழந்தைகள் தாமே விரும்பிக் கற்பதை உலகம் அங்கே கண்டு வியந்தது.

1939-இல் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவைக் காவல் முகாமில் அடைத்தது. அம்மையாரும் விரும்பிய இடம் செல்ல இயலவில்லை. அவருடைய எழுபதாம் பிறந்த நாளன்றுதான் மகன் தாயிடம் திரும்பினார்.

போர் ஓயும் வரை நாடு திரும்ப வழியில்லை. ஆயினும் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. கொடைக்கானல் மலையில் தங்கி, 1942 முதல் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். செடி கொடிகளும் சிற்றுயிர்களும் அங்கே பாடங்களாயின. 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டில் இறைவனடி சேர்ந்தார்.

இக்கோடை விடுமுறையில் நம் புதுவையில் மழலையர் முகாமுக்குச் செல்லும் தம்பி தங்கையர், கையெல்லாம் மண்ணும் பூவுமாக வீடு திரும்பினால் நாம் கடிந்துகொள்ளாதிருப்போம். அன்று அவர்கள் கற்றதை அவர்கள் வாயாலேயே கேட்டு மகிழ்வோம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே!