பெண்களின் கூடைப்பந்தாட்டத்துக்கு வித்திட்ட ஆசிரியை செண்டா பெரன்சன்

கல்லூரி நாட்களில் வலைப்பந்து ஆடிய எம்மில் எவருக்கும் ஆடுகளத்தின் மூன்று பிரிவுகளும், பந்தை மூன்று வினாடிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற விதியும் மறந்திருக்காது. இவற்றை ஒத்த விதிகளைப் பெண்களின் கூடைப்பந்தாட்டத்துக்கு வகுத்துக் கொடுத்தவர், ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய செண்டா பெரன்சன். வலைப்பந்தும் கூடைப்பந்திலிருந்து கிளைத்த விளையாட்டே ஆதலால், இந்நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

1868 மார்ச் 19ஆம் திகதி, அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த லித்துவேனியாவில், புட்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஏழு வயதளவில் குடும்பத்தினர் பொஸ்டன் நகரில் குடியேறினர். கலை வரலாற்று அறிஞராகப் பின்னாளில் புகழ்பெற்ற பேர்னாட் பெரன்சன் இவரின் தமையனார்.

செண்டா சிறுவயது முதலே உடல்நலம் குன்றியவர். ஆசையோடு தொடங்கிய பியானோக் கல்வியை முதுகு உபாதையால் கைவிட நேர்ந்தது. உடலைத் தேற்றிக்கொள்ளும் எண்ணத்துடன், 1890இல் பொஸ்டனில் இருந்த உடற்பயிற்சி ஆசிரிய கலாசாலையில் சேர்ந்தார். அங்கு சுவீடன் நாட்டு முறையிலான பயிற்சிகள் கற்பிக்கப்பட்டன. ஆரம்பத்தில் சில நிமிடப் பயிற்சியைக்கூடத் தாங்க மாட்டாதவர், படிப்படியாகத் தேறினார். நோயாளியாகச் சென்றவர் ஆசிரியையாக வெளிவந்தார்.

1892 ஜனவரியில் மசாசூசெட்ஸ் மாநிலத்து நோர்தாம்ப்டனிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் பணியேற்றார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், அதே மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். அதைப் பற்றி வாசித்தறிந்த செண்டா, பயிற்சிகளில் சலிப்புற்றிருந்த தம் மாணவியருக்கு அதை அறிமுகப்படுத்தினார். 1893 மார்ச் மாதம் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவியர் மோதிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. இரண்டாம் ஆண்டினர் 5க்கு 4 என வென்றனர்.

ஓடியாடினால் பெண்ணின் உடலுக்குக் கேடு, முரட்டுத்தனம் அவளுக்கு அழகல்ல என்று பலரும் நம்பிய காலம் அது. மாணவியருக்குக் காயம் நேர்ந்தாலோ அவச்சொல் எழுந்தாலோ, விளையாட்டே நின்றுபோகக்கூடும். ஆகவே செண்டா விதிகளை மாற்றினார். ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் பிரிவுக்குள்ளேயே ஆடவேண்டும். பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கக்கூடாது. பந்தை மூன்று வினாடிகளுக்கு மேல் வைத்திருக்கவோ, மூன்று தடவைக்கு மேல் தட்டிச் செல்லவோ கூடாது. கல்லூரிக்கொரு விதியாக இருந்த நிலையை மாற்ற 1899இல் அமைந்த குழுவில் அவரும் இடம்பெற்றார். 1901இல் அச்சான விதி நூலைப் பதிப்பித்தவரும் அவரே.

இன்று நோக்குகையில், அவர் வரைந்த கோடுகள் பெண்களுக்குக் காவலாகவும் இருந்தன, வேலியாகவும் இருந்தன என்றே நாம் சொல்வோம். முழு ஆடுகளத்திலும் ஓடும் ஐவர் ஆட்டம் அமெரிக்க மகளிருக்கு வழமையாக 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. எனினும், அந்தக் கோடுகள் இல்லாதிருந்தால் அன்று பல கல்லூரிகளில் மாணவியர் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். கோட்டைப் பின்வந்தோர் அழிக்கலாம். முதலில் களத்தில் இறங்க வேண்டுமே.

வெற்றி வெறி விளையாட்டைக் கெடுத்துவிடும் என அஞ்சிய அவர், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளை விரும்பவில்லை. தேர்ந்தெடுத்த சிலர் ஆட மற்றவர்கள் பார்த்திருப்பதைவிட, எல்லா மாணவியரும் ஆடுவதே அவருக்குப் பெரிதாக இருந்தது. நலிந்த உடல்வாகு கொண்டோருக்கென தனிப் பயிற்சிகளும் நடத்தினார். தாமும் ஒருகாலத்தில் அப்படி இருந்தவரல்லவா!

ஸ்மித் கல்லூரியில் 19 ஆண்டுகள் பணியாற்றி, 1911இல் அங்கு ஆங்கிலப் பேராசிரியராயிருந்த ஹேர்பேட் அபொட்டை மணந்து விலகினார். பின்னர் 1921 வரை அதே நகரின் பெண்கள் பாடசாலையொன்றில் உடற்கல்வியைப் பொறுப்பேற்று நடத்தினார். கணவரின் மறைவின் பின் கலிபோர்னியாவில் வாழ்ந்து, 1954 பெப்ரவரி 16ஆம் திகதி காலமானார்.

1985இல் ஸ்பிரிங்பீல்டிலுள்ள கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் முதன்முறையாகப் பெண்களுக்கு இடமளித்தபோது, அம்மூவரில் ஒருவராக இவரும் சேர்க்கப்பட்டார். எமது கல்லூரியின் கேடயங்களைப் பார்த்துப் பெருமைப்படும் நாம், அணியில் தெரிவாகாமலே மாலைதோறும் ஆடி மகிழ்ந்த தோழியரையும் நினைப்போமாயின், அதுவே செண்டா பெரன்சனுக்குச் செய்யும் மரியாதை.