கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவர்: ஆர். நடராஜ முதலியார்

நம் வளாகத்துப் பிள்ளைகள் மாலையில் மொட்டை மாடியில் கைபேசியை வைத்துக்கொண்டு ரீல்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சென்னையில் ஒருவர் படம் எடுக்கப் பட்ட பாட்டை இந்த இதழில் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, புரசைவாக்கம் பக்கம் போனால் மில்லர்ஸ் சாலை வரும். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வதம்’ அங்கேதான் உருவானது. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். 1885-ல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து முதலில் சைக்கிளும், பிறகு அமெரிக்கக் கார்களும் விற்ற வியாபாரி. பால்கேயின் படங்களைப் பார்த்ததும் அவருக்கும் சினிமா ஆசை பிறந்தது.

ஆசை இருந்தால் போதுமா? கற்றுக்கொடுக்க இங்கே ஆள் இல்லை. பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரைத் தேடிப் போய், கேமராவைக் கையாளும் விதத்தைப் பழகிக்கொண்டார். தஞ்சாவூரில் மூப்பனார் என்ற செல்வந்தரிடம் ஒரு வில்லியம்சன் 35 மி.மீ. கேமராவும் பிரின்டரும் இருந்தன. 1,800 ரூபாய் கொடுத்து அவற்றை வாங்கினார்.

அந்தக் கேமராவை உருவாக்கிய ஜேம்ஸ் வில்லியம்சன், இங்கிலாந்தின் ஹோவ் நகரில் மருந்துக்கடை நடத்தியவர். அந்தக் காலக் கேமரா, மரப்பெட்டிக்குள் லென்ஸும் பல்சக்கரங்களும் பொருத்திய கருவி. மோட்டார் கிடையாது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே ஒரு சிறு கொக்கி ஃபிலிமின் ஓரத்துளையில் மாட்டி ஒரு படம் அளவுக்குக் கீழே இழுக்கும். ஃபிலிம் நகரும் நேரத்தில் மூடி ஒளியை மறைக்கும்; நின்றதும் திறக்கும். ஒரு சுற்றுக்கு எட்டுப் படம், நொடிக்கு இரண்டு சுற்று என்பது வழக்கம்.

‘கீசக வதம்’ சுமார் 6,000 அடி. அடிக்கு 16 படம் என்றால் மொத்தம் 96,000 படங்கள். கைப்பிடியைக் குறைந்தது 12,000 தடவை ஒரே சீராகச் சுற்றியிருக்க வேண்டும். கை தளர்ந்தால் திரையில் நடிகர் ஓடுவார். வேகம் கூடினால் ஊர்வார். எடுத்தது சரியாக வந்ததா என்று உடனே பார்க்கவும் வழியில்லை. சென்னை வெயிலுக்குப் பயந்து, ஃபிலிமைக் குளிர்ச்சியான பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கழுவினார். ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு மூன்றும் அவரே.

35 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. செலவு சுமார் 35,000 ரூபாய். படம் லாபமும் தந்தது. தொடர்ந்து ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ உள்ளிட்ட படங்களை எடுத்தார். ஆனால் 1920-களின் தொடக்கத்தில் அவருடைய ஸ்டூடியோ தீக்கிரையானது. அதே காலத்தில் மகனையும் பறிகொடுத்தார். அதோடு சினிமாவை விட்டு விலகிவிட்டார். தமிழ் சினிமாவின் தந்தை என்று பெயர் பெற்ற அவர் 1971 வரை வாழ்ந்தார். தமிழ்ப்படம் பேசியதையும் பாடியதையும் வண்ணத்துக்கு மாறியதையும் பார்த்துவிட்டே போனார்.

இன்று நீங்கள் ‘கீசக வதம்’ பார்க்க விரும்பினால் முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. 12,000 சுற்றுகளில் நம் கைக்குக் கிடைத்தது பெயரும் சில விவரங்களும் மட்டுமே.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கல்யாண வீடியோ கேசட்டோ, தாத்தா எடுத்த ஃபிலிம் சுருளோ கிடக்கலாம். நம் பகுதியின் வெப்பமும் ஈரக்காற்றும் அவற்றை மெல்ல அரித்துக்கொண்டிருக்கின்றன. இந்த விடுமுறையில் ஒருநாள் எடுத்துப் பாருங்கள். பூஞ்சை படியாமல் இருந்தால், உடனே டிஜிட்டலுக்கு மாற்றி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பூஞ்சை இருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.